செம்மணி வீதியால் போன சனம்

தூள் இடிக்கிற நாளில் எங்கள் ஒழுங்கையால் போகிற எவரும் தும்மாமல் போனதில்லை. அந்த மணம் உங்களுக்கும் தெரியும். முதலில் மல்லி. மெல்லிய நெருப்பில் அது நிறம் மாறுமட்டும் அம்மாவின் கை அகப்பையை விடாது. பிறகு பெருஞ்சீரகம், மிளகு, நற்சீரகம், வெந்தயம். ஒன்றின் பதம் மற்றதுக்குச் சரிவராது என்று எல்லாம் தனித்தனியாக. கறிவேப்பிலை நொறுங்குகிற பதத்துக்கு வந்ததும் கடைசியாகச் செத்தல் மிளகாய் தாச்சியில் விழும். உடனே வேலிக்கு அங்காலை ஒரு இருமல். “என்ன பிள்ளை, தூளோ?” அம்மா பதில் சொல்லத் தேவையில்லை. மத்தியானம் உரலடியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். உலக்கைகள் ஒன்று மாறி ஒன்று விழுகின்றன. அப்பாச்சி விறாந்தையில் காலை நீட்டி இருந்து அரிதட்டில் அரிக்கிறா. மிஞ்சின கப்பி திரும்பவும் உரலுக்குள் போகிறது. அரித்த தூளைக் கடதாசியில் பரப்பி, சூடு ஆறின பிறகுதான் போத்தலில் அடைக்கலாம். ஆறாமல் அடைத்தால் வியர்த்துக் கட்டிபடும் என்று அப்பாச்சி ஒவ்வொரு முறையும் சொல்லுவா. ஒவ்வொரு முறையும் முதல் தடவை சொல்வதுபோலவே சொல்லுவா.

எங்கள் வளவு வண்ணார்பண்ணையில், சிவன் கோயில் மணி கேட்கிற தூரத்தில். முன்பக்கம் கிடுகுவேலி, பூவரசங் கதியால். வேலி அடைக்கிற நாளில் நனைத்துப் போட்ட கிடுகின் மணம் ஒழுங்கை முழுக்க நிற்கும். விடியக் கோயில் மணி, அதற்குப் பிறகு பால்காரரின் சைக்கிள் மணி, வெயில் ஏற மீன்காரியின் குரல். கன்னாதிட்டிப் பக்கம் போனால் நகைப்பட்டறைகளில் பத்தர்மார் தட்டுகிற சின்னச் சத்தம். பின்னேரம் பேக்கரியில் பாண் இறக்குகிற வாசம் வந்தால், அதுதான் எங்களுக்கு மணிக்கூடு. ரியூசன் விடுகிற நேரம் காங்கேசன்துறை வீதி சைக்கிள்களால் நிரம்பும். முன்னுக்குப் போகிற பெட்டைகளின் சைக்கிளை முந்தவும் மனமில்லாமல், பின்னால் ஊரவும் வெட்கமாய், ஒரே வேகத்தில் போகப் பழகின பெடியள் நாங்கள். நீங்களும் அதிலே ஒருத்தர்தானே?

சோனகதெருவில் எங்களுக்கு ஒரு தையல்கடை இருந்தது. நானா என்று மட்டும்தான் கூப்பிட்டோம். பள்ளிக்கூடக் காற்சட்டைக்கு அளவெடுக்கும்போது ஐயாவைப் பார்த்துச் சொல்லுவார், “வளருற பிள்ளை, ரெண்டு விரல் கூட விட்டுத் தைக்கிறன்.” அந்த இரண்டு விரல் எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. புதுக் காற்சட்டை முழங்காலுக்குக் கீழே நிற்கும். அது அளவாகிற நேரம் துணி வெளுத்துப்போயிருக்கும். பெருநாளைக்கு நானா வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும். பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் பொங்கல் போகும். சட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் சட்டம். போன சட்டி திரும்பி வரும்போது உள்ளே இரண்டு வாழைப்பழமாவது இருக்கும்.

சனிக்கிழமைகளில் ஐயாவோடு பட்டணம் போவேன். பெரியகடையைத் தாண்டி, மணிக்கூட்டுக் கோபுரத்தடியால், சுப்பிரமணியம் பூங்காப் பக்கம் நடந்தால் நூலகத்தின் வெள்ளைச் சுவர் தெரியும். அதற்கு அங்காலை முனியப்பர் கோயில், கோட்டை, பிறகு பண்ணைக் கடல். பண்ணையில் நிற்கிற காற்றுக்கு ஒரு மணம் உண்டு: உப்பு, சேறு, காய்கிற வலை. அது சில நாட்களில் நூலகத்தின் மேல்மாடி யன்னல்வரை வரும். 1981 ஜூன் பிறந்த அந்த இரவில் நூலகம் 97,000 புத்தகங்களோடு எரிந்தது. அப்போது நான் ஊரில்தான் இருந்தேன். மூன்றாம் நாள் ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கூரையில்லாத மண்டபத்தில் கணுக்கால்வரை சாம்பல். குனிந்து ஒரு தாளை எடுத்தேன். எழுத்து அப்படியே தெரிந்தது, விரல் பட்டதும் உதிர்ந்தது. ஐயா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது வழக்கமாக நிற்கிற தேத்தண்ணிக் கடையில் நிற்கவுமில்லை. அந்த நாளைப் பற்றி நான் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. அந்தச் சாம்பலில் நான் நின்றேன்.

நல்லூர்த் திருவிழாவை எங்கே தொடங்கிச் சொல்வது! இருபத்தைந்து நாளும் பட்டணத்துக்கே தூக்கமில்லை. தேரன்று விடிய மூன்று மணிக்கே வீட்டில் எல்லாரும் தலைமுழுகி முடிந்துவிடும். ஈர வேட்டியோடு வீதியில் உருளுகிற பிரதட்டைக்காரர், அவர்களுக்காகத் தண்ணீர் தெளித்த மணல், கற்பூரப் புகை, கச்சான் வறுக்கிற சட்டியில் கரண்டி தட்டுகிற சத்தம். எனக்குத் தேரைவிடச் சனம் திரும்பிப் போவதைப் பார்க்கத்தான் ஆசை. தென்மராட்சிச் சனம் கோயிலுக்குப் பின்பக்கத்தால் செம்மணி வீதியில் இறங்கும். நாவற்குழி, கைதடி, சாவகச்சேரி என்று போகிற ஆட்கள். கையில் கச்சான் சரை, தோளில் நித்திரையாய்ப் போன பிள்ளை, பிள்ளையின் கையில் அப்போதும் விடாத பலூன். இரண்டு பக்கமும் உப்புவெளி, வெட்டவெளிக் காற்று. நடக்கிறவர்களின் கதைச்சத்தம் அந்த வெளியில் வெகுதூரம் கேட்கும். செம்மணி வீதி சனத்தால் நிறைந்து நான் கண்டது அப்படித்தான். எனக்குள் இப்போதும் அந்த வீதியில் போகிறவர்கள் திருவிழா முடிந்து போகிறவர்கள்.

1986இல் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்களே, அதே வருசம் நானும் கனடாவுக்கு வந்தேன். நான் வந்தது விமானத்தில். மொன்றியலில் கோட் டே நேஜ் பக்கம் ஒரு அறையில் நாங்கள் நாலு பெடியள். எல்லாருக்கும் கோப்பை கழுவுகிற வேலை. பகல் வேலைக்காரன் எழும்பிய கட்டிலில் இரவு வேலைக்காரன் படுப்பான். ஊரிலிருந்து ஆராவது வந்தால் அவர் கையில் அம்மாவின் தூள் வரும். கட்டு மூன்று பொலித்தீன் பை, அதற்கு மேல் பழைய சாறத் துணி, அதற்கு மேல் சணல் கயிறு. அவிழ்க்கும்போது நாலு பேரும் குசினியில் கூடிவிடுவோம். ஒருநாள் கீழ்வீட்டு மனிசி மணம் தாங்காமல் கதவைத் தட்டினா. அவவுக்கு ஒரு கோப்பையில் கோழிக்கறி கொடுத்து அனுப்பினோம். அடுத்த கிழமை அவவே கேட்டு வந்தா.

1990க்குப் பிறகு தூள் வருவது நின்றது. பொருளாதாரத் தடை, மின்சாரமில்லை, ரெலிபோன் இல்லை. கடிதம் வருவதற்கு மாதக்கணக்கு. தங்கச்சி எழுதுவாள்: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்கிறார்களாம். ஜாம் போத்தலுக்குள் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படிக்கிறாளாம். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தில் உடுப்புத் தோய்க்கிறார்களாம். தோய்த்துக் காயப்போட்ட உடுப்பை மாடு வந்து சப்புகிறது என்று எழுதியிருந்தாள். 1995 ஜூலையில் நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்ததைப் பற்றி அந்தக் கடிதங்களில் ஒரு வரிதான். மிச்சமெல்லாம் மாட்டையும் மாமரத்தையும் பற்றி.

அந்த வருசம் இலையுதிர் காலத்தில் மொன்றியல் முழுக்க ஒரே கேள்வி. கியூபெக் கனடாவை விட்டுப் பிரிவதா, சேர்ந்திருப்பதா? விளக்குக்கம்பம் தவறாமல் தட்டிகள். ஒக்டோபர் 30, திங்கட்கிழமை வாக்கெடுப்பு. அப்போது எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. வேலைக்குப் போக முன்னம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றேன். வரிசை வாசலைத் தாண்டி நடைபாதைவரை வந்திருந்தது. குழந்தை வண்டியோடு தாய்மார், ஊன்றுகோலோடு கிழவர்கள், எனக்கு முன்னால் ஒரு வயதான சோடி. மனிசன் ஒரு பக்கம், மனிசி மற்றப் பக்கம் வாக்குப் போடப்போவதாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்றுக்கு மேல் வாக்களித்த நாள் அது. ஒரு நாடு உடைவதா இல்லையா என்பதை ஒரு துண்டுக் கடதாசியில் கேட்கிறார்கள், எல்லாரும் வரிசையில் நின்று பதில் சொல்லுகிறார்கள். அப்படிக் கேட்கப்படாத ஊரிலிருந்து வந்த எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

முதல்நாள்தான் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பியிருந்தார்கள். அதன்படி யாழ்ப்பாணம் எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் முன்னால். பிறகு எத்தனையோ தரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் வரிசையில் நின்ற நேரம் அங்கே இருட்டிவிட்டது. ஒலிபெருக்கி கட்டின வாகனங்கள் வீதிவீதியாகப் போய்விட்டன. ஒக்டோபர் 17இல் ‘ரிவிரெச’ என்று பெயர் வைத்துத் தொடங்கிய படை பட்டணத்தை நெருங்குகிறது, எல்லாரும் உடனே வெளியேறுங்கள் என்று இயக்கம் அறிவித்துவிட்டது. ஷெல் விழுகிற பயம் ஒரு பக்கம், நின்றால் என்ன கேட்பார்களோ என்ற பயம் மறுபக்கம். நாலு இலட்சம் என்று சிலர் சொல்கிறார்கள், ஐந்து இலட்சம் என்று சிலர். அவ்வளவு சனமும் ஒரே இரவில் அந்தச் செம்மணி வெளிக்குள் இறங்கியது. மழை வேறு.

இரவு உணவகத்தில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. வாக்கு எண்ண எண்ணக் கோடு அங்கும் இங்கும் சாய்ந்தது. கடைசியில் சேர்ந்திருப்போம் என்றவர்கள் 50.58, பிரிவோம் என்றவர்கள் 49.42. வித்தியாசம் 54,288 வாக்கு. என்னோடு வேலை செய்த கியூபெக் பெடியன் ஒருவன் ஏப்பிரனைக் கழற்றி முகத்தில் பொத்திக்கொண்டு அழுதான். நான் அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாடு என்பது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்கு ஆர் சொல்ல வேணும்? மாகாண முதல்வர் மேடையில் ஏறித் தோல்விக்குப் பணமும் இனக்குழுக்களின் வாக்கும் காரணம் என்றார். கோப்பை கழுவுமிடத்தில் நின்ற நாங்கள் மூன்று தமிழரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நேரம் எங்களுடைய அம்மாமார் நாவற்குழிப் பாலத்தடியில் நின்றார்கள். எங்களுக்குத் தெரியாது.

தெரிய வந்தது அடுத்தநாள். இலண்டனிலிருந்து மச்சான் எடுத்தான். தமிழோசை கேட்டுவிட்டு எடுக்கிறான். “யாழ்ப்பாணத்திலை ஒருத்தருமில்லையாம்,” என்றான். ஒருத்தருமில்லை என்றால் என்ன? எனக்கு விளங்கவேயில்லை. சாவு என்றால் விளங்கும், குண்டு விழுந்தது என்றால் விளங்கும். கஸ்தூரியார் வீதியில் ஆளில்லை, பெரியகடையில் ஆளில்லை, சிவன் கோயில் மணி அடிக்க ஆளில்லை என்றால் அதை எப்படி நினைத்துப் பார்ப்பது? அன்றிரவு முழுக்க ஒருவருக்கொருவர் ரெலிபோன் எடுத்தோம். ரொறொன்ரோ, பாரிஸ், சூரிச். எடுத்த எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: “உங்கடை ஆக்களைப் பற்றி ஏதும்?” ஒருவரிடமும் பதில் இல்லை. பிறகு கேட்டவர்களே ஊரைக் கதைக்கத் தொடங்கினார்கள். உன்ரை வீட்டு விலாட்டு மா இப்ப காய்க்குதோ? றீகலில் படம் பார்த்துவிட்டு வந்து அடி வாங்கினது ஞாபகமிருக்கோ? விடியும்வரை கதைத்தோம்.

டிசம்பர் 5இல் படையினர் சனமில்லாத பட்டணத்தில் கொடியேற்றினார்கள். பத்திரிகையில் வந்த படத்தில் வீதி மட்டும் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் எனக்கு அது எந்த வீதி என்று பிடிபடவில்லை. ஆட்களை வைத்துத்தான் நான் இடங்களைத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 30 என்ற அந்தத் தேதியைப் பற்றி ஒன்று சொல்ல வேணும், சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது சரியில்லை. 1990இலும் ஒக்டோபர் 30 வந்தது. அன்று காலையில் சோனகதெருச் சனத்தை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி இதேமாதிரி ஒலிபெருக்கி அறிவித்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். கொண்டுபோகக் கொஞ்சக் காசும் உடுத்த உடுப்பும்தான். சொன்னது இயக்கம். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்த ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டார்கள். அப்போதும் நான் ஊரில் இல்லை. அம்மாவின் கடிதம் வந்தது: “நானாவின்ரை கடை பூட்டிக்கிடக்கு. தூக்குச்சட்டி அவையளின்ரை எங்கடை வீட்டிலை நிக்குது.” அவர்கள் புத்தளம் பக்கம் போனதாகக் கேள்வி. சரியாக ஐந்து வருசம் கழித்து அதே தேதியில் அம்மாவே மூட்டை கட்டினா. 1995ஐச் சொல்லி அழுகிற எங்கள் வாய் 1990ஐயும் சொல்ல வேண்டும். நானாவின் மெசினும் ஒரு யாழ்ப்பாணத்துச் சத்தம்தான்.

அம்மாவின் கடிதம் அடுத்த வருசம் கொடிகாமத்திலிருந்து வந்தது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பமாக இருந்திருக்கிறார்கள். மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு வந்தார்களாம். கோழிகளுக்கு ஒரு கடகம் அரிசியை முற்றத்தில் கொட்டிவிட்டு வந்தார்களாம். “தூள் அண்டைக்குத்தான் இடிச்சனாங்கள். ஆறட்டும் எண்டு பரப்பிவிட்டது, அப்பிடியே விட்டிட்டு வந்திட்டம்.” இதற்குக் கீழே, வேறு மையில்: “அப்பாச்சி மார்கழியிலை காலமாகிட்டா.” வில்லூன்றியில் தாத்தாவுக்குப் பக்கத்தில்தான் தன்னை எரிக்க வேணும் என்று அப்பாச்சி என் சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருந்தா. கொடிகாமத்தில் எரித்தார்கள்.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு அடுத்த கோடையில் போனேன். ஐயா அதற்கு முன்னமே காலமாகிவிட்டார். தங்கச்சியோடு செம்மணி வீதியால் வந்தேன். “தேருக்கு வந்த சனம் இதாலைதானே போகும்,” என்று நான் தொடங்க, அவள் வெளியைப் பார்த்தபடி, “இதிலைதான் அண்ணா ஒரு மனிசிக்குப் பிள்ளை பிறந்தது. நாலைஞ்சு பேர் சேலையைப் பிடிச்சு மறைச்சுக்கொண்டு நிண்டவை,” என்றாள். நான் கச்சானைச் சொல்ல, அவள் குடையைச் சொன்னாள். விரித்த குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீர் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பருக்கினார்களாம். ஒரே வீதியில் பக்கத்துப் பக்கத்தில் நடந்தோம், இரண்டு பேரும் வேறுவேறு சனத்தைப் பார்த்துக்கொண்டு. செம்மணிக்கு அதற்குப் பிறகு வேறு கதைகளும் வந்துவிட்டன. 1999இல் அங்கே தோண்டிப் பதினைந்து பேரின் எலும்புகளை எடுத்தார்கள். 2025இல் திரும்பவும் தோண்டினார்கள், பிள்ளைகளின் எலும்புகளும் வந்தன. அந்த வெளியைப் பார்த்தால் பலூன் பிடித்த பிள்ளை எனக்கு இன்னமும் தெரிகிறது. அதை எவரிடம் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

வீடு நின்றது. ஓடு இல்லை, கதவு யன்னல் இல்லை, உரல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. 1996 ஏப்ரலுக்குப் பிறகு திரும்பி வந்த அம்மா கிணற்றை இறைத்து, கூரைக்குத் தகரம் போட்டு, முதல் கிழமையே அந்த உரலில்தான் தூள் இடித்தாவாம். நான் போயிருந்தபோதும் இடித்தா. வேலி இருந்த இடத்தில் மதில் வந்திருந்தது. பக்கத்து வளவில் இருமுவதற்கு ஆளில்லை, அவர்கள் நோர்வேயில்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்த ஆரைச் சந்தித்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: நாவற்குழிப் பாலம் எத்தனை மணிக்குக் கடந்தீர்கள்? கோயிலில், கலியாண வீட்டில், வைத்தியசாலை வாங்கிலில்கூடக் கேட்டிருக்கிறேன். எல்லாரும் சொல்வார்கள். ஒருவர் ஓ/எல் பாடப் புத்தகங்களைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். ஒருவர் அடுத்தவீட்டுக் கிழவரைக் கூட்டிவரத் திரும்பிப் போய், அவர் வரமாட்டேன் என்று சொல்லப் பூட்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கேட்கிறதற்குக் காரணம் இருக்கிறது. செம்மணியில் நெரிசலில் அம்மாவும் தங்கச்சியும் ஒரு பக்கம் அள்ளுப்பட்டுப் போனார்கள், ஐயாவும் அப்பாச்சியும் மறுபக்கம். திரும்பக் கண்டது அடுத்தநாள் மத்தியானம் கைதடியில். இடையில் என்ன நடந்தது என்று ஐயா எவருக்கும் சொல்லவில்லை. எனக்கு எழுதியதும் “சுகமாய் வந்து சேர்ந்தோம்” என்று மட்டும்தான். அப்பாச்சி சொன்ன ஒன்றே ஒன்று தங்கச்சிக்கு ஞாபகம்: விடியப்புறம், பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பெட்டை தேத்தண்ணி தந்தாளாம். சீனி போட்டு. சீனி அப்போது யாழ்ப்பாணத்தில் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும்.

ஐயா உயரமானவர், வெள்ளை அரைக்கைச் சட்டை, சாறம். கறுப்பு றலிச் சைக்கிள். கரியரில் அப்பாச்சி. விழாமல் இருக்க அம்மாவின் நாவல்நிற நூல்சேலையால் ஐயாவின் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. அந்தப் பெட்டைக்கு அப்போது பதினாறு பதினேழு என்றால் இப்போது ஐம்பதுக்குக் கிட்ட. நீங்கள் அன்றைக்கு அந்த வீதியில் நின்றிருந்தால், அவர்களைக் கண்டிருந்தால், எனக்குச் சொல்லுங்கள். தேத்தண்ணி கொடுத்தது நீங்கள்தான் என்றால், எந்த நாட்டில் இருந்தாலும் நான் வருகிறேன். அம்மா இருக்கிறா. அவவும் உங்களோடு கதைக்க வேணும் என்கிறா.